காற்றை வென்ற மிதிவண்டி வீரர் ஃபௌஸ்டோ கோப்பி

மிதிவண்டிப் பந்தய வீரன் ஒருவனுக்கு எதிரே நிற்கும் தடைகள் பல. செங்குத்தான மேடு ஒரு தடை. கரடுமுரடான சாலை மற்றொரு தடை. முந்திச் செல்லத் துடிக்கும் போட்டியாளர் வேறொரு தடை. இவை யாவும் கண்ணுக்குத் தெரிவன. ஆனால், கண்ணுக்குத் தெரியாமல் எதிர்நின்று, வீரனின் வலிமையில் பெரும்பங்கை விழுங்கிவிடும் தடையொன்று உண்டு. அதுவே காற்று. அக்காற்றோடு போராடி வெற்றி கண்ட இத்தாலிய வீரர் ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக நம் மாணவச் செல்வங்களுக்கும், பெற்றோர்க்கும், தோட்டத்து உழைப்பாளர்க்கும் வழங்க விழைகிறோம்.

அவ்வீரரின் பெயர் ஃபௌஸ்டோ கோப்பி. பெயரைக் கேட்டவுடன் நம் சிறார் சிலர் நகைக்கக்கூடும். நாம் காலையில் அருந்தும் கோப்பிக்கும் அவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும், அப்பெயரை மறவாதிருக்க அவ்வொற்றுமை துணைசெய்யுமாயின் நாம் மகிழ்வோம்.

பிறப்பும் இளமையும்

இத்தாலி நாட்டின் வடமேற்கே பீட்மாண்ட் என்னும் மாநிலம் உள்ளது. அங்குக் காஸ்டெல்லானியா என்னும் சின்னஞ்சிறு மலையூரில், 1919ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் கோப்பி பிறந்தார். பெற்றோர் உழவர். பிள்ளைகள் ஐவருள் கோப்பி நான்காமவர். அவருக்கு இளையவர் செர்சே. சிறு வயதில் கோப்பி மெலிந்த உடலும் நீண்ட கால்களும் உடையவராய் இருந்தார். இவரா நாளை உலகம் போற்றும் வீரராவார் என்று அன்று கண்டோர் எவரும் எண்ணியிரார்.

குடும்ப வறுமையின் காரணமாகப் பதின்மூன்று வயதளவிலேயே அவர் வேலைக்குச் செல்ல நேர்ந்தது. அருகிலிருந்த நோவி லிகுரே என்னும் நகரில் இறைச்சிக் கடை ஒன்றில் பணியாளாகச் சேர்ந்தார். வாடிக்கையாளர் இல்லங்களுக்கு மிதிவண்டியில் இறைச்சி கொண்டு சென்று கொடுப்பதே அவர் வேலை. நாள்தோறும் மேடும் பள்ளமுமான சாலைகளில் மிதித்தே அவர் கால்கள் உரம் பெற்றன. பால்மரம் சீவி, பால் வாளிகளைச் சைக்கிளில் ஏற்றிக் கொட்டகை வரை மிதித்துச் சென்ற நம் தோட்டத்துப் பெரியவர்கள், அவ்வுழைப்பின் அருமையை நன்கு அறிவர்.

அந்நகரில் பியாஜோ கவன்னா என்னும் பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். மிதிவண்டி வீரர்களின் உடலைப் பிடித்துவிட்டுப் பயிற்சியும் அளிப்பவர் அவர். கண்பார்வையை இழந்திருந்த அவர், விரல்களால் தொட்டே ஒரு வீரனின் தசை வலிமையை அளந்துவிடுவார் என்பர். பார்வையுள்ளோர் காணாத திறமையைப் பார்வையற்ற அவர் இளைஞர் கோப்பியிடம் கண்டார். உணவு, உறக்கம், பயிற்சி ஆகிய மூன்றிலும் ஒழுங்கைக் கற்பித்தார்.

1940ஆம் ஆண்டு இத்தாலி முழுவதையும் சுற்றிவரும் ஜீரோ பந்தயத்தில் கோப்பி கலந்துகொண்டார். ஜினோ பார்த்தாலி என்னும் புகழ்மிக்க வீரருக்கு உதவியாளராகவே அவர் சேர்க்கப்பட்டிருந்தார். ஆனால், தொடக்கத்திலேயே பார்த்தாலி வீழ்ந்து காயமுற்றமையால், வாய்ப்பு கோப்பிக்குக் கிட்டியது. இருபது வயதே நிரம்பிய அவர் அப்பந்தயத்தில் முதலிடம் பெற்றார். ஜூன் 9ஆம் நாள் பந்தயம் முடிவுற்றது. மறுநாளே இத்தாலி இரண்டாம் உலகப் போரில் குதித்தது.

காற்று என்னும் பகைவன்

கோப்பியின் அருஞ்செயலைப் புரிந்துகொள்ள, காற்றின் இயல்பை நாம் சிறிது அறிதல் வேண்டும்.

ஆற்று நீரில் இடுப்பளவு இறங்கி நடந்தவர் ஓர் உண்மையை அறிவர். மெல்ல நடந்தால் நீர் வழிவிடும். விரைந்து நடக்க முயன்றால் சுவர்போல் எதிர்க்கும். காற்றும் அத்தகையதே. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அவ்வெதிர்ப்பை வெல்ல வீரன் ஒவ்வொரு நொடியும் செலவிடும் ஆற்றலோ எட்டு மடங்காகும். சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் தனியே செல்லும் வீரன், தன் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கிற்குக் குறையாமல் காற்றுக்கே கொடுத்துவிடுகிறான். சக்கரம் தரையில் உரசுவதற்கும் சங்கிலி சுழல்வதற்கும் எஞ்சிய சிறு பங்கே போகிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. காற்று எதிர்ப்பது மிதிவண்டியைவிட அதன்மேல் அமர்ந்திருப்பவரையே மிகுதியாகும். நிமிர்ந்த மார்பும், அகன்ற தோளும், படபடக்கும் சட்டையும் காற்றுக்கு எதிரே விரித்த பாய் போல் நிற்கின்றன. முன்புறம் காற்று தள்ளுகிறது. உடலைக் கடந்த காற்று பின்புறம் சுழித்து, அங்கு அழுத்தம் குறைந்து, வீரனைப் பின்னோக்கி இழுக்கிறது. ஆதலின், குனிந்து உடலைக் குறுக்குவதும், உடலோடு ஒட்டிய உடை அணிவதும், தலையைத் தோள்களுக்கிடையே தாழ்த்துவதும் வேகத்தைக் கூட்டும் வழிகளாகும். முன்செல்பவரின் சக்கரத்தை ஒட்டிப் பின்செல்பவருக்கு உழைப்பு பெரிதும் குறைவதும் இக்காரணத்தினாலேயே. முன்னவர் காற்றைப் பிளக்கிறார். பின்னவர் அந்நிழலில் செல்கிறார்.

ஒரு மணி நேரச் சாதனை

எவருடைய நிழலிலும் ஒதுங்க இயலாத போட்டியொன்று உண்டு. வட்டமான ஓடுதளத்தில் ஒருவரே ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தொலைவு செல்ல முடியும் என்று அளப்பதே அது. 1893இல் பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி தெகிராஞ்ச் 35.325 கிலோமீட்டர் சென்றார். பின்னர்ப் பலர் அவ்வெல்லையை உயர்த்தி வந்தனர்.

1942ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், மிலான் நகரின் விகொரெல்லி ஓடுதளத்தில் கோப்பி அம்முயற்சியில் இறங்கினார். அப்பொழுது அவர் படைவீரர். இரு வாரங்களுக்கு முன்புதான் மிலான் நகரின்மேல் குண்டுமாரி பொழிந்திருந்தது. அத்தகைய அச்சச் சூழலில், தாழக் குனிந்து, நீண்ட கால்களை ஒரே சீராகச் சுழற்றி, அவர் 45.798 கிலோமீட்டர் தொலைவைக் கடந்தார். முந்தைய சாதனையைவிட அது 31 மீட்டரே மிகுதி.

31 மீட்டர் என்பது நம் பள்ளித் திடலின் ஒரு மூலையளவே ஆகும். கோப்பி சென்ற முழுத் தொலைவில் அஃது ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். காற்றின் எதிர்ப்பு நூற்றுக்கு மூன்று பங்கு குறைந்தால், அதே உழைப்பில் வேகம் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு கூடும். 45 கிலோமீட்டர் செல்பவருக்கு அஃது ஒரு மணி நேரத்தில் 450 மீட்டர் ஆதாயமாகும். அக்காலத்து வீரர்கள் சாலையில் கம்பளி நூற் சட்டையே அணிந்தனர். முன்னும் பின்னும் பைகள் தொங்கும். வியர்வையில் நனைந்து கனக்கும். ஓடுதளத்தில் மட்டும் சிலர் வழவழப்பான பட்டுச் சட்டை அணிந்தனர். அவர்கள் தேடிய நன்மை இந்த 450 மீட்டர் போன்றதே. ஒரு சட்டையின் படபடப்பே ஒரு சாதனையைத் தரவும் தடுக்கவும் வல்லது என்பதை இதனால் உணரலாம்.

கோப்பியின் அச்சாதனை 14 ஆண்டுகள் நிலைத்தது. 1956இல் பிரெஞ்சு வீரர் ஜாக் ஆங்கெத்தில் அதனை முறியடித்தார்.

சிறையும் சிகரமும்

1943இல் கோப்பி வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். துனீசியாவில் பிரிட்டிஷ் படையிடம் சிறைப்பட்டார். ஒரு வீரனின் உடல் செழித்திருக்கும் ஆண்டுகளை அவர் சிறை முகாமில் கழித்தார். 1945இல்தான் அவர் மீண்டும் பந்தயங்களில் ஈடுபட முடிந்தது.

இழந்த காலத்தை எண்ணி அவர் சோர்ந்துவிடவில்லை. 1946 மார்ச் 19ஆம் நாள், மிலானிலிருந்து சான் ரெமோ வரை நடைபெற்ற ஏறத்தாழ 290 கிலோமீட்டர் நீளப் பந்தயத்தில், இரண்டாமவரைவிட 14 நிமிடம் முன்னதாக எல்லையை அடைந்தார். 1949 ஜூன் 10ஆம் நாள், ஜீரோ பந்தயத்தில் கூனியோ முதல் பினெரோலோ வரையிலான பகுதியில், ஐந்து மலைக் கணவாய்களைக் கடந்து, ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவைத் தன்னந்தனியே சென்று வென்றார். அடுத்து வந்த பார்த்தாலிக்காகப் பதினொரு நிமிடத்திற்கு மேல் அனைவரும் காத்திருந்தனர். முன்னே காற்றைப் பிளக்க ஒருவரும் இன்றி அவ்வளவு தொலைவு சென்றதே அவ்வெற்றியின் பெருமை.

அதே 1949ஆம் ஆண்டில் ஜீரோ, டூர் டி பிரான்ஸ் ஆகிய இரு பெரும் பந்தயங்களையும் ஒருசேர வென்ற முதல் வீரர் என்னும் சிறப்பைப் பெற்றார். 1952இல் மீண்டும் அவ்விரண்டையும் வென்றார். 1953இல் உலக வாகையர் பட்டம் சூடினார். ஜீரோவில் அவர் பெற்ற வெற்றிகள் மொத்தம் ஐந்து.

தம்பியின் மறைவு

புகழின் உச்சியில் இருந்த கோப்பியைப் பெருந்துயர் ஒன்று தாக்கியது. தம்பி செர்சேயும் மிதிவண்டி வீரரே. 1949இல் பாரிஸ் - ரூபே பந்தயத்தில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர் அவர். 1951 ஜூன் 29ஆம் நாள், டூரின் நகரில் ஒரு பந்தயத்தின் முடிவெல்லைக்கு அருகே, அவருடைய சக்கரம் டிராம் தண்டவாளத்தில் சிக்கியது. அவர் கீழே விழுந்தார், தலையில் அடிபட்டது. பெரிய காயம் ஏதும் தென்படவில்லை. எழுந்து தம் விடுதிக்கும் சென்றார். ஆனால், தலையினுள் ஏற்பட்ட குருதிப் பெருக்கால் அன்றே உயிர் துறந்தார். அவருக்கு வயது 28. சில நாள்களில் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கோப்பி துயரத்தோடு கலந்துகொண்டு பத்தாம் இடமே பெற்றார்.

அந்நாளில் சாலைப் பந்தய வீரர்கள் வெறுந்தலையுடனோ துணித் தொப்பியுடனோ செல்வதே வழக்கம். தோல் பட்டைகளைப் பின்னிய ஒருவகைக் கவசம் இருந்தது. அஃது அளித்த பாதுகாப்பு சிறிதே. கடினமான தலைக்கவசம் வந்த பின்னரும், வெப்பத்திற்கு அஞ்சிப் பலர் அதனை ஒதுக்கினர். 2003 மார்ச்சு மாதத்தில் கசக்ஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலியோவ் பந்தயத்தில் வீழ்ந்து தலைக்காயத்தால் இறந்தார். அதன் பின்னரே அனைத்துலக மிதிவண்டிச் சங்கம் தொழில்முறைப் பந்தயங்களில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. செர்சே மறைந்து ஏறத்தாழ 52 ஆண்டுகளுக்குப் பின் வந்த விதி அது.

காற்றுக்கேற்ற கவசமும் உடையும்

உயிர்காக்கும் தலைக்கவசத்தையே வேகத்தையும் கூட்டுமாறு செய்யலாம் என்பதைப் பின்வந்தோர் கண்டனர். முன்னே உருண்டும் பின்னே வால்போல் கூர்ந்தும், நீர்த்துளியை ஒத்த வடிவில் கவசங்கள் தோன்றின. தலைக்குப் பின்னே காற்று சுழிக்கும் இடத்தை அவ்வால் நிரப்புவதால் பின்னிழுப்பு குறைகிறது. ஆனால், வீரன் தலையைக் கவிழ்த்தால் வால் மேலே எழுந்து காற்றைத் தடுக்கும்; நன்மை தீமையாகிவிடும். எனவே, கவசம் மட்டும் போதாது. அதற்கேற்ற ஒழுங்கும் வேண்டும்.

1989ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் இறுதி நாளில் இவ்வுண்மையை உலகம் கண்டது. அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், முதலிடத்திலிருந்த பிரெஞ்சு வீரர் லோரான் ஃபினியோனைவிட 50 விநாடி பின்தங்கியிருந்தார். எஞ்சியது 24.5 கிலோமீட்டர் தனியோட்டமே. லெமாண்ட் வால்வைத்த கவசம் அணிந்து, கைகளை முன்னே நீட்டி வைக்கும் புதுவகைக் கைப்பிடியையும் பொருத்தியிருந்தார். ஃபினியோன் வெறுந்தலையுடன், முடிந்த குடுமி காற்றில் அசையச் சென்றார். முடிவில், 3,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பந்தயத்தை லெமாண்ட் 8 விநாடியில் வென்றார். கவசமும் கைப்பிடியும் மட்டுமே அவ்வெற்றிக்குக் காரணம் எனல் பொருந்தாது. அன்று லெமாண்டின் கால்களும் கடுமையாக உழைத்தன. ஆயினும், 8 விநாடி என்பது காற்று எளிதில் தரவும் பறிக்கவும் கூடிய அளவே.

உடையிலும் இவ்வாறே மாற்றம் நிகழ்ந்தது. இன்றைய தனியோட்ட வீரர்கள் சட்டையும் காற்சட்டையும் ஒன்றாய் இணைந்த, தோலோடு ஒட்டிய உடையை அணிகின்றனர். வழவழப்பே எங்கும் நல்லதென்று நாம் எண்ணுவோம். ஆனால், தோளிலும் கையிலும் துணியை வேண்டுமென்றே சற்றுச் சொரசொரப்பாக நெய்கின்றனர். கோல்ஃப் பந்தின்மேல் குழிகள் இருப்பது போன்றதே இது. அச்சொரசொரப்பினால் காற்று உடலை விட்டு உடனே விலகாமல் சிறிது தூரம் ஒட்டிச் செல்கிறது. பின்புறச் சுழிப்பு சிறுத்துவிடுகிறது.

2022 அக்டோபர் 8ஆம் நாள், கோப்பி பிறந்த அதே பீட்மாண்ட் மாநிலத்தவரான பிலிப்போ கன்னா, ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் சென்றார். கோப்பியைவிட ஏறத்தாழ 11 கிலோமீட்டர் மிகுதி. பயிற்சியும் மிதிவண்டியும் ஓடுதளமும் மேம்பட்டன. அவற்றோடு, காற்றைப் பற்றிய அறிவும் வளர்ந்தது.

மற்றுமொரு மறைந்த பகைவன்

காற்றை வென்ற கோப்பியை வீழ்த்தியதும் கண்ணுக்குத் தெரியாத பகைவனே. 1959 டிசம்பரில் அவரும் வேறு சில வீரர்களும், இன்று புர்கினா ஃபாசோ எனப்படும் ஆப்பிரிக்க நாட்டிற்குப் பந்தயத்திற்கும் வேட்டைக்கும் சென்றனர். ஊர் திரும்பியதும் கோப்பிக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. அது மலேரியா என்பது காலத்தில் கண்டறியப்படவில்லை. 1960 ஜனவரி 2ஆம் நாள், 40ஆம் வயதில் கோப்பி மறைந்தார். அவரோடு ஆப்பிரிக்காவில் தங்கியிருந்த பிரெஞ்சு வீரர் ரஃபேல் ஜெமினியானிக்கும் அதே காய்ச்சல் வந்தது. பிரான்சில் அவருடைய குருதி சோதிக்கப்பட்டு, நோய் இன்னதென அறியப்பட்டது. கொயினா மருந்து கொடுக்கப்பட்டது. அவர் பிழைத்து, 2024ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

இச்செய்தி நம் தோட்டத்து மக்களின் நெஞ்சைத் தொடாமற்போகாது. மலாயாக் காடுகளை அழித்துத் தோட்டம் எழுப்பிய நம் முன்னோருள் எண்ணற்றோரை இக்காய்ச்சலே கொண்டுசென்றது. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒழித்துக் காட்டிய பின்னரே நிலை மாறத் தொடங்கியது. பகைவனை அறிந்தவர் பிழைத்தார். அறியப்படாதவிடத்து மாவீரரும் மடிந்தார்.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

கோப்பி பிறந்த ஊர் 2019 முதல் அவர் பெயரையும் சேர்த்துக் காஸ்டெல்லானியா கோப்பி என வழங்கப்படுகிறது. ஜீரோ பந்தயத்தின் மிக உயர்ந்த மலைமுகடு ஆண்டுதோறும் கோப்பி முகடு எனப் பெயர் பெறுகிறது. நம் நாட்டிலும் மிதிவண்டி வீரர்க்குக் குறைவில்லை. திரங்கானு மாநிலத்தவரான அசிசுல்ஹஸ்னி அவாங் 2017இல் உலக வாகையரானார். 2016இல் ஒலிம்பிக் வெண்கலமும், 2021இல் தோக்கியோவில் வெள்ளியும் வென்றார். அவர் காற்றுக்கேற்ற உடையும் கவசமும் அணிந்து, தாழக் குனிந்து விரைவது, வண்டிகள் செல்லாத ஓடுதளத்தில் என்பதை நம் சிறார் மறத்தலாகாது.

நம் ஜொகூர் மாநிலத்தின் ஆறாத் துயரொன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டியுள்ளது. 2017 பிப்ரவரி 18ஆம் நாள் விடியற்காலையில், ஜொகூர் பாரு சாலையொன்றில் உருமாற்றிய சைக்கிள்களோடு திரண்டிருந்த சிறுவர்கள்மேல் கார் மோதி எண்மர் உயிரிழந்தனர். அவர்கள் 13 முதல் 16 வயதினர். பாசிக்கால் லாஜாக் எனப்படும் அவ்வகைச் சைக்கிள்களில், தடைக்கருவியை நீக்கி, வண்டிமேல் குப்புறப் படுத்துக் காற்றைக் கிழித்துச் செல்வதைச் சிலர் வீரமாகக் கருதுகின்றனர். காற்றின் இயல்பு பற்றி அவர்கள் அறிந்தது உண்மையே. ஆனால், தலையைக் காக்கும் அறிவின்றி வேகத்தை மட்டும் நாடுவது பாதி அறிவேயாகும். தொழில்முறை வீரர்கள்கூட வண்டியின் சட்டத்தின்மேல் அமர்ந்து மலைச்சரிவில் விரைவதை அனைத்துலகச் சங்கம் 2021இல் தடைசெய்துவிட்டது.

பள்ளிக்கு வரும் மாணவர் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்திலேயே வருகின்றனர். 45 கிலோமீட்டர் வேகத்தில் வீரர்க்கு நேரும் காற்றின் எதிர்ப்பில் ஒன்பதில் ஒரு பங்கே அவர்க்கு உண்டு. ஆதலின், வால்வைத்த விலையுயர்ந்த கவசம் அவர்க்குத் தேவையில்லை. தலைக்குப் பொருந்திய, கன்னத்தின்கீழ் வார் இறுக்கிய, உறுதியான கவசமே தேவை. சங்கிலியில் சிக்காத உடையும், பிடித்தால் நிற்கும் தடைக்கருவியும், இருளில் ஒளிரும் விளக்கும் தேவை. பெற்றோர் இவற்றைச் செலவெனக் கருதாது, பிள்ளைக்கு வாங்கித் தரும் பாடநூலுக்கு நிகராகக் கருதுவாராக.

கண்ணுக்குத் தெரியாதனவற்றை அறிவுக் கண்ணால் காண்பதற்கே நாம் கல்வி கற்கிறோம். காற்றையும், கிருமியையும், விபத்தையும் முன்னறிந்து விலக்கும் அறிவே நம்மைக் காக்கும். கோப்பியின் உழைப்பையும் ஒழுங்கையும் நம் மாணவர்கள் மேற்கொள்வார்களாக; செர்சேயின் முடிவை எண்ணித் தலைக்கவசம் அணிவார்களாக. அவர்தம் வாழ்க்கைப் பயணம் விரைவாகவும், அதனினும் மேலாகப் பாதுகாப்பாகவும் அமைய வாழ்த்துகிறோம்.